மணலும் மண்ணும் பிறக்கும் வகை

சென்ற நூற்றாண்டின் நடுப்பகுதியில், மண் அரிப்பைத் தடுக்கும் பொருட்டுத் தக்காணத்தின் மானாவாரி நிலங்களில் சம உயர வரப்புகள் பெருமளவில் அமைக்கப்பட்டன. செம்மண் நிலங்களில் இவ்வரப்புகள் நற்பயன் அளித்தன. மழைநீர் வரப்பின் மேற்புறம் தேங்கி, மெல்ல நிலத்துள் இறங்கியது. ஆனால் அதே வரப்புகள் ஆழ்ந்த கரிசல் நிலங்களில் தொல்லையாக முடிந்தன. தேங்கிய நீர் உள்ளே இறங்கவில்லை, பயிர் அழுகியது. கோடையில் வரப்பே வெடித்துப் பிளந்தது. அடுத்த மழையில் அவ்வெடிப்புகளின் வழியே நீர் பாய்ந்து வரப்பை உடைத்தது. கரிசலுக்குச் சம உயர வரப்பு ஏற்றதன்று என்பதும், மிகுதி நீரை மெதுவாக வெளியேற்றும் சரிவு வரப்பே ஏற்றது என்பதும் அனுபவத்தால் உணரப்பட்டன.

வரப்பின் அளவும் உழைப்பும் இரண்டு நிலங்களிலும் ஒன்றே. மண்ணே வேறு. ஒரு மண் எப்பாறையிலிருந்து பிறந்தது, எவ்வழியே வந்தது, எவ்வளவு காலம் கிடந்தது என்பவற்றை அறியாது கூறும் யோசனை, நல்லெண்ணத்துடன் கூறப்படினும், விவசாயிக்குக் கேடாகவே முடியலாம். ஆகவே மணலும் மண்ணும் பல்வேறு நிலப்பரப்புகளில் உருவாகும் வகையை அறிந்துகொள்ளுதல், கிராமங்களில் பணிபுரிவோருக்கும் பள்ளி ஆசிரியர்களுக்கும் பெரிதும் பயன்படும்.

பாறை சிதையும் முறை

பாறை இரு வழிகளில் சிதைகிறது. முதலாவது, உடைதல். லடாக்கைப் போன்ற உயர்ந்த குளிர்ப் பிரதேசங்களில் பகலில் உருகிய பனிநீர் பாறையின் வெடிப்புகளில் இறங்கி, இரவில் உறைகிறது. நீர் உறையும்போது அதன் பருமன் ஏறத்தாழ 9 சதவீதம் பெருகும். இடமின்றி விரியும் பனிக்கட்டி ஆப்பு வைத்தாற்போலப் பாறையைப் பிளக்கிறது. அம்மலைகளின் அடிவாரங்களில் கூரிய விளிம்புடைய கற்குவியல்கள் சரிந்து கிடப்பது இதனாலேயே. ஆனால் இக்குவியல் கல்லேயன்றி மண்ணன்று. உடைந்ததேயொழிய அதன் இயல்பு மாறவில்லை.

இரண்டாவது, இரசாயன மாற்றம். மழைநீர் காற்றிலுள்ள கரியமிலவாயுவைக் கரைத்துக்கொண்டு மெல்லிய அமிலமாகிறது. மண்ணில் வேர்களும் நுண்ணுயிர்களும் வெளியிடும் கரியமிலவாயு இவ்வமிலத்தை மேலும் வலுப்படுத்துகிறது. இந்நீர் பாறையிலுள்ள தாதுப் பொருள்களைச் சிறிது சிறிதாக அரித்து, புதிய பொருள்களாக மாற்றுகிறது. வெப்பமும் ஈரமும் மிகுந்த இடங்களில் இம்மாற்றம் விரைவாகவும், குளிர்ந்த அல்லது வறண்ட இடங்களில் மிக மெதுவாகவும் நிகழ்கிறது.

கிரானைட் என்னும் கருங்கல்லை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். அதில் குவார்ட்ஸ் எனப்படும் வெங்கச்சங்கல், பெல்ஸ்பார், அப்பிரகம் ஆகிய மூன்றும் முக்கியமானவை. பெல்ஸ்பாரும் அப்பிரகமும் நீரினால் தாக்குண்டு களிமண்ணாக மாறுகின்றன. அவற்றிலிருந்த பொட்டாசியம், சுண்ணாம்பு, சோடியம் முதலியவை நீரில் கரைந்து, ஒரு பகுதி பயிருக்கும் மறுபகுதி ஆற்றுக்கும் போகின்றன. வெங்கச்சங்கல் மட்டும் மாற்றத்திற்கு எளிதில் இணங்குவதில்லை. சுற்றியிருந்த பொருள்கள் கரைந்து போன பின், அது குருணையாக உதிர்ந்து நிற்கிறது. அவ்வாறு எஞ்சியதே பெரும்பாலான ஆற்று மணல். சுருங்கக் கூறின், மணல் பாறையில் மாறாது எஞ்சியது. களி பாறையிலிருந்து மாறிப் பிறந்தது.

மண்ணியல் அறிஞர்கள் துகளின் அளவைக் கொண்டு இவற்றை வகுக்கின்றனர். சர்வதேச முறைப்படி 2 மில்லிமீட்டர் முதல் 0.02 மில்லிமீட்டர் வரையுள்ளது மணல். 0.02 முதல் 0.002 வரை வண்டல். அதனினும் நுண்ணியது களி. இந்த அளவு வேறுபாடு சிறிதெனத் தோன்றினும் அதன் விளைவு பெரிது. ஒரு சென்டிமீட்டர் பக்கமுள்ள கனசதுரக் கல்லின் மேற்பரப்பு 6 சதுர சென்டிமீட்டரே. அதனை 1 மில்லிமீட்டர் பக்கமுள்ள துண்டுகளாக்கினால் மேற்பரப்பு 60 சதுர சென்டிமீட்டர் ஆகும். 0.002 மில்லிமீட்டர் துண்டுகளாக்கினாலோ அது 3 சதுர மீட்டராகப் பெருகும். நீரும் உரச்சத்தும் ஒட்டி நிற்பது இம்மேற்பரப்பின்மீதே. மணல் நீரை விரைவில் வழியவிடுவதும், களி அதனைப் பிடித்து வைப்பதும் இதனால் விளங்கும்.

கங்கைச் சமவெளி

சுமார் 5 கோடி ஆண்டுகளுக்கு முன் இந்திய நிலப்பகுதி ஆசியக் கண்டத்துடன் மோதியதால் இமயமலை எழத் தொடங்கியது. எழுந்துகொண்டேயிருந்த மலையை ஆறுகளும் பனியாறுகளும் அறுத்துக்கொண்டேயிருந்தன. மலையின் அடிவாரத்தில் நிலம் தாழ்ந்து பெரும் பள்ளமாயிற்று. அப்பள்ளத்தை நிரப்பிய வண்டலே இன்றைய சிந்து கங்கைச் சமவெளி. சில இடங்களில் இவ்வண்டலின் ஆழம் பல கிலோமீட்டர் ஆகும்.

ஆறு தான் சுமந்து வருவதை ஒரே இடத்தில் இறக்குவதில்லை. மலையிலிருந்து சமவெளிக்கு இறங்கியவுடன் வேகம் குறைகிறது. முதலில் கூழாங்கற்களைப் போடுகிறது. இமயத்தின் அடிவாரமான பாபர் பகுதியில் சிற்றோடைகள் கற்களினூடே மறைந்து, தராய்ப் பகுதியில் மீண்டும் ஊற்றெடுப்பதற்கு இதுவே காரணம். மேலும் கீழே செல்லச் செல்ல மணலும், பின்னர் வண்டலும், கடலோரத்தில் களியும் படிகின்றன. கங்கையும் பிரம்மபுத்திராவும் சேர்ந்து ஆண்டுதோறும் சுமார் 100 கோடி டன் வண்டலைச் சுமந்து வருவதாகக் கணக்கிடப்பட்டுள்ளது. சுந்தரவனத்தின் சேற்று நிலங்கள் அதன் ஒரு பகுதியால் ஆனவை.

சமவெளியிலும் மண் ஒரே தன்மையதன்று. வெள்ளம் இன்றும் புது வண்டல் இடும் தாழ்நிலத்தை உத்தரப்பிரதேச விவசாயிகள் காதர் என்பர். வெள்ளம் எட்டாத பழைய மேட்டு வண்டலைப் பாங்கர் என்பர். பாங்கரில் பல்லாயிரம் ஆண்டுகளாக மேலிருந்து கரைந்து இறங்கிய சுண்ணாம்பு கீழே திரண்டு சுக்கான்கற்களாக நிற்கிறது. ஆறு ஒன்றே, கொணர்ந்த பொருளும் ஒன்றே. காலம் ஒன்றே அவ்விரண்டையும் வேறாக்கியது.

காற்று அமைத்த நிலம்

தார்ப் பாலைவனத்தின் மணல் அங்குள்ள பாறைகள் வெயிலில் பொடிந்ததனால் மட்டும் உண்டானது என்று எண்ணுதல் பிழையாகும். அதன் பெரும்பகுதி சிந்து நதியும் அதன் கிளையாறுகளும் இமயத்திலிருந்து கொணர்ந்தது என்று ஆராய்ச்சிகள் காட்டுகின்றன. ஆறு இறக்கிவைத்ததைத் தென்மேற்குப் பருவக்காற்று எடுத்து உள்நாட்டில் குவித்தது.

காற்று பொறுக்கியெடுக்கும் இயல்புடையது. நுண்ணிய தூசியை மேலே தூக்கித் தொலைவிற்குக் கொண்டுசெல்கிறது. பரலை அசைக்க இயலாது விட்டுவிடுகிறது. இடைப்பட்ட மணலோ தரையை ஒட்டித் துள்ளித் துள்ளிச் செல்கிறது. துள்ளி விழும் ஒவ்வொரு மணியும் தரையிலுள்ள பிற மணிகளைத் தட்டி எழுப்புகிறது. இவ்வியக்கத்தை ரால்ப் பாக்னால்ட் என்னும் ஆங்கிலேயர் 1941-ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில் விரிவாக விளக்கினார். இடைவிடாத மோதலால் பாலை மணல் உருண்டு, மேற்பரப்பு மங்கிக் காணப்படும். ஆற்று மணலோ பெரும்பாலும் கோணங்களுடன் இருக்கும். ஒரு சாதாரணப் பூதக்கண்ணாடியால் இவ்வேற்றுமையைக் காணலாம்.

மணலின் பெரும்பகுதி தரையை ஒட்டியே செல்வதால், அதனைத் தடுக்க உயர்ந்த சுவர் வேண்டுவதில்லை. 1952-இல் ஜோத்பூரில் பாலைவனக் காடு வளர்ப்பு நிலையம் ஒன்று நிறுவப்பட்டது. அது 1959-இல் மத்திய வறண்ட நில ஆராய்ச்சி நிலையமாக வளர்ந்தது. காய்ந்த முட்செடிகளை மணல்மேட்டின்மீது வரிசையாக ஊன்றி, அவற்றிடையே மரக்கன்றுகளையும் புல்லையும் வளர்த்து மணலை நிலைநிறுத்தும் முறை அங்கு செம்மைப்படுத்தப்பட்டது. தழை உதிர்ந்து மக்கும்போதுதான் அலையும் மணல் மெல்ல மண்ணாகத் தொடங்குகிறது.

இங்கும் மேற்பரப்பை மட்டும் நம்புதல் ஆபத்தானது. இன்று இந்திரா காந்தி கால்வாய் எனப்படும் ராஜஸ்தான் கால்வாயின் பாசனப் பரப்பில், மணலுக்கடியே சில இடங்களில் நீரை இறங்கவிடாத கடினப் படுகை உள்ளது. நீர் வந்த பின் அவ்விடங்களில் நிலத்தடி நீர்மட்டம் உயர்ந்து, வயல்கள் சதுப்பாயின, உப்பும் பூத்தது. மேலே மணல் இருந்தமையால் நீர் வடிந்துவிடும் என்று கருதுதல் பொருந்தாது போயிற்று.

காற்று சுமக்கும் தூசியும் வீணாவதில்லை. காஷ்மீரப் பள்ளத்தாக்கில் கரேவா எனப்படும் மேட்டு நிலங்கள் உள்ளன. பண்டைய ஏரியின் அடியில் படிந்த வண்டலும், அதன்மீது காற்று கொண்டுவந்து பரப்பிய நுண்தூசியுமே அந்நிலங்கள். பாம்பூரின் குங்குமப்பூ அம்மேடுகளில்தான் விளைகிறது.

எரிமலை தந்த கரிசல்

சுமார் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் மேற்கு இந்தியாவில் நிலம் பிளந்து எரிமலைக் குழம்பு அலையலையாகப் பரவியது. அது குளிர்ந்து இறுகிய பஸால்ட் பாறை இன்றும் சுமார் 5 லட்சம் சதுர கிலோமீட்டர் பரப்பில் காணப்படுகிறது. இப்பாறையில் வெங்கச்சங்கல் இல்லையெனவே கூறலாம். ஆகவே அது சிதையும்போது மணல் எஞ்சுவதில்லை. பாறையின் பெரும்பகுதி களியாகிறது. சுண்ணாம்பும் மக்னீசியமும் மிகுந்திருப்பதால், மாண்ட்மொரில்லனைட் என்னும் வகைக் களி உண்டாகிறது. இதன் நுண்ணிய தகடுகளுக்கிடையே நீர் புகுந்து அவற்றை விலக்கும். எனவே மழைக்காலத்தில் மண் உப்பி வாயை மூடிக்கொள்கிறது. கோடையில் சுருங்கி ஆழமாகப் பிளக்கிறது. மேல்மண் வெடிப்புகளில் விழுந்து அடிமண்ணுடன் கலப்பதால், கரிசல் தன்னைத் தானே உழுதுகொள்வதாகக் கூறுவர்.

கருநிறத்தைக் கண்டு கரிசலில் மக்கு மிகுதி என்று பலர் கருதுகின்றனர். உண்மையில் அதில் கரிமப் பொருள் குறைவே. பெரும்பாலான இடங்களில் கரிமத்தின் அளவு ஒரு சதவீதத்தை எட்டுவதில்லை. களியுடன் நெருங்கிப் பிணைந்த சிறிதளவு மக்கே கருமை தருகிறது. எனவே கருமையைக் கண்டு தொழுவுரத்தைக் குறைத்தல் தவறாகும்.

கரைந்து எஞ்சிய நிலம்

மலையாளக் கரையில் நிலைமை முற்றிலும் மாறானது. அங்கு வெப்பமும் பெருமழையும் சேர்ந்து பாறையை இடைவிடாது கழுவுகின்றன. சுண்ணாம்பும் பொட்டாசியமும் முதலில் போகின்றன. பின்னர் சிலிக்காவும் பெரிதும் நீங்குகிறது. எஞ்சுபவை இரும்பு, அலுமினியம் ஆகியவற்றின் ஆக்ஸைடுகளே. இவ்வாறு உண்டான செந்நிறக் கல்லை நிலத்தடியில் வெட்டியெடுக்கும்போது மண்வெட்டிக்கு இணங்கும். வெயிலில் காய்ந்தால் செங்கல்லைப் போல் இறுகும். மலபாரில் அங்காடிப்புரத்தில் இதனைக் கண்ட பிரான்சிஸ் புக்கானன், செங்கல்லைக் குறிக்கும் இலத்தீன் சொல்லிலிருந்து லேட்டரைட் என்னும் பெயரை ஆக்கி, 1807-இல் வெளியான தம் நூலில் வழங்கினார். தமிழில் இது செம்புறைக்கல் எனப்படும். அறிவியல் உலகம் முழுவதும் வழங்கும் ஒரு பெயர் இவ்வாறு ஓர் இந்தியக் கிராமத்துக் கல்லிலிருந்து எழுந்தது.

செம்புறை மண்ணில் புளிப்பு மிகுதி. அதிலுள்ள இரும்பும் அலுமினியமும் பாஸ்பேட் உரத்தைப் பற்றிக்கொண்டு பயிருக்கு எளிதில் கொடுப்பதில்லை. ஆகவே சுண்ணாம்பிட்டுப் புளிப்பைக் குறைத்தலும், தழை உரத்தால் மக்கைப் பெருக்குதலும் இங்கு இன்றியமையாதன. ஆனால் சுண்ணாம்பு ஏற்கனவே திரண்டு நிற்கும் கரிசலுக்கு அதே சுண்ணாம்பை இடுவது பொருளற்றது.

கடற்கரை மணல்

மலைகளிலிருந்து வந்த மணலைக் கடலலைகள் மீண்டும் தரம் பிரிக்கின்றன. அலை ஏறும்போது எல்லா மணிகளையும் கரையில் ஏற்றுகிறது. இறங்கும்போது இலேசான வெங்கச்சங்கல் மணிகளையே மிகுதியாக இழுத்துச் செல்கிறது. கனமான மணிகள் தங்கிவிடுகின்றன. கேரளத்துச் சவறா, கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சி ஆகிய இடங்களின் கரு மணல் இவ்வாறு சேர்ந்ததே. இல்மனைட், ரூட்டைல், ஜிர்க்கான், தோரியம் அடங்கிய மோனசைட் ஆகிய அரிய தாதுக்கள் அதில் உள்ளன.

கரையோர மணல் நெடுங்காலம் அசையாது கிடந்தால் அதுவும் மாறும். விசாகப்பட்டினத்தையடுத்த செம்மணல் மேடுகளும், திருச்செந்தூர் வட்டாரத்துத் தேரிகளும் இதற்குச் சான்று. மணலுடன் கலந்திருந்த இரும்புத் தாதுக்கள் சிதைந்து, ஒவ்வொரு மணியின்மீதும் செந்நிறப் பூச்சாகப் படிந்துள்ளன.

ஒரே பண்ணையில் இரு மண்

இவ்வளவும் கூறியதனால், மண்ணைப் பாறை ஒன்றே நிர்ணயிக்கிறது என்று கொள்ளலாகாது. தாய்ப்பாறை, சீதோஷ்ண நிலை, நிலத்தின் மேடு பள்ளம், உயிரினங்கள், காலம் ஆகிய ஐந்தும் மண்ணை ஆக்குகின்றன என்று ஹான்ஸ் ஜென்னி 1941-இல் வகுத்துரைத்தார். இவற்றுள் மேடு பள்ளத்தின் வலிமையைத் தக்காணத்தின் பல கிராமங்களில் ஒரு நாழிகை நடந்தால் காணலாம். மேட்டில் செம்மண், தாழ்வில் கரிசல். மேட்டிலிருந்து கரைந்து வந்த சுண்ணாம்பும் சிலிக்காவும் பள்ளத்தில் தங்கி, அங்கு உப்பும் களியை உண்டாக்குகின்றன.

ஐதராபாத்தையடுத்த பட்டஞ்சேருவில் 1972-இல் தொடங்கப்பெற்ற சர்வதேச வறண்ட வெப்பமண்டலப் பயிர் ஆராய்ச்சி நிலையத்தின் பண்ணையில் செம்மண், கரிசல் இரண்டும் உள்ளன. ஆழ்ந்த கரிசலில் மழைக்காலத்தில் உழ இயலாமையால், நிலத்தைத் தரிசாக விட்டு, மழைக்குப் பின் விதைப்பது பழைய வழக்கம். அந்நிலையத்தார் அகன்ற மேட்டுப்பாத்தியும் சாலும் மெல்லிய சரிவில் அமைத்து, மிகுதி நீரை வடித்து, மழைக்காலத்திலும் பயிர் செய்யும் முறையை உருவாக்கினர். 1976 முதல் தொடர்ந்து நடத்தப்பட்ட பரிசோதனையில் அம்முறை பழைய முறையினும் பன்மடங்கு விளைச்சல் தந்தது. அதே பாத்தி முறை செம்மண்ணில் அவ்வாறு பயன் தருவதில்லை.

ஆக்கமும் அழிவும்

மண் உருவாவதில் உயிரினங்களின் பங்கு பெரிது. மண்புழுவும் கறையானும் அடிமண்ணை மேலே கொணர்கின்றன. இங்கிலாந்தின் பல பகுதிகளில் மண்புழுக்கள் ஏக்கருக்கு ஆண்டிற்கு 10 டன்னுக்கு மேற்பட்ட மண்ணை மேலே கொணர்வதாகச் சார்லஸ் டார்வின் 1881-இல் கணக்கிட்டார். எனினும் பாறை மண்ணாவது மிக மெதுவான செயல். ஒரு சென்டிமீட்டர் மண் உருவாவதற்கு, இடத்திற்கேற்ப, நூறு ஆண்டு முதல் ஆயிரம் ஆண்டு வரை செல்லும்.

அழிவோ விரைவானது. இந்தியாவில் ஆண்டுதோறும் 533.4 கோடி டன் மண் அரிக்கப்படுவதாக 1983-இல் மதிப்பிடப்பட்டது. இது எக்டேருக்குச் சராசரி 16.4 டன். இதில் சுமார் 29 சதவீதம் கடலை அடைகிறது. 10 சதவீதம் அணைகளில் படிகிறது. எஞ்சியது ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்திற்குப் பெயர்கிறது. ஓர் எக்டேரில் ஒரு மில்லிமீட்டர் கனமுள்ள மண்ணின் எடை ஏறக்குறைய 13 டன். ஆகவே சராசரியாக ஆண்டிற்கு ஒரு மில்லிமீட்டருக்கும் மேல் போகிறது. நூற்றாண்டுகள் ஆக்கிய ஒரு சென்டிமீட்டர் மண் எட்டு அல்லது ஒன்பது ஆண்டுகளில் இடம்பெயர்ந்துவிடும். முதலில் போவது மக்கும் நுண்களியும் நிறைந்த மேற்பரப்பே. பின்னர் நிற்பது பரலும் மணலும்தான்.

களத்திலும் வகுப்பிலும்

இவ்வுண்மைகளை அறிவதற்கு விலையுயர்ந்த கருவிகள் வேண்டுவதில்லை. ஒரு கண்ணாடிக் குப்பியில் பொடித்த மண்ணை இட்டு, நீரும் சிறிது சலவைச் சோடாவும் சேர்த்து நன்கு குலுக்கி வைக்கலாம். 10 சென்டிமீட்டர் உயரமுள்ள நீரில் மணல் சுமார் 5 நிமிடத்தில் படிந்துவிடும். வண்டல் படிய ஏறத்தாழ 8 மணி நேரமாகும். அதன் பின்னும் நீர் கலங்கியிருப்பின் அது களி. ஆறு தன் சுமையை இறக்கும் ஒழுங்கையும் மாணவர்கள் இதிலேயே காண்பர். மணலில் காந்தத்தை ஓட்டினால் கரிய இரும்புத் தாது ஒட்டி வரும். சுக்கான்கல்லின்மீது நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை ஒரு துளி விட்டால் நுரைக்கும். ஈர மண்ணை விரலிடையே நசுக்கி நீட்டினால், களி மிகுந்தது நாடா போல் நீளும்; மணல் மிகுந்தது உதிரும்.

களப்பணியாளர் ஒரு கிராமத்திற்குச் சென்றவுடன் செய்யத்தக்கது, மேட்டிலிருந்து பள்ளம் வரை நடந்து, கிணறு, ஓடைக்கரை, சாலை வெட்டு ஆகியவற்றில் மண்ணின் குறுக்குத் தோற்றத்தைக் காண்பதாகும். மேல்மண் எத்தனை ஆழம், அடியில் பாறையா, களியா, சுக்கானா என்பவற்றைக் குறித்துக்கொள்ளல் வேண்டும். 2015-இல் தொடங்கிய மண்வள அட்டைத் திட்டம் வயலின் சத்துக்களைத் தெரிவிக்கிறது. அட்டையிலுள்ள எண்கள் மேல்மண்ணைப் பற்றியவை. நீர் எங்கே தேங்கும், வேர் எங்கே நிற்கும் என்பது அடிமண்ணைக் கண்டாலன்றி விளங்காது. அவ்வூர் விவசாயிகள் தம் மண்ணுக்கு இட்டு வழங்கும் பெயர்களையும் கேட்டறிதல் நலம். காதர், பாங்கர், கரிசல், தேரி என்னும் பெயர்கள் ஒவ்வொன்றிலும் அந்நிலத்தின் பிறப்பு பற்றிய செய்தி அடங்கியுள்ளது. அதனை அறிந்த பின்னரே வரப்பின் திசையும் உரத்தின் அளவும் முடிவு செய்யத்தக்கவை.